கடவம் ஏறிய பேருந்து

பழைய பேருந்துகளின் வாசனையை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் டீசலையும் ரெக்சினையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். குமரி மாவட்டத்துக்கு அது போதாது. 1938இல் திருவிதாங்கூர் அரசு பேருந்து ஓட்டத் தொடங்கியபோதே திருவனந்தபுரம் – நாகர்கோவில் தடம் முக்கியமானதாக இருந்தது. 1979இல்தான் இங்கே ரயில் வந்தது. லாரி பிடிக்கும் அளவுக்குச் சரக்கில்லாத சிறு வியாபாரிகளுக்கு இடைப்பட்ட காலம் முழுக்கப் பேருந்துதான் கதி. தோவாளையில் பிச்சிப்பூ மூட்டை ஏறும், குலசேகரத்துப் பக்கம் புகைபோட்ட ரப்பர் ஷீட் ஏறும், குளச்சலில் மீன்கூடையான கடவம் ஏறும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி கொதித்துக்கொண்டிருக்க, அந்தச் சூட்டில் எல்லாம் ஒன்றாகக் கலக்கும். கிழிந்த ரெக்சினுக்குள் பிதுங்கும் தேங்காய்நார் மழைச்சாரலையும் மீன்தண்ணியையும் குடித்துவிட்டு, அடுத்த வெயிலில் திருப்பிக் கொடுக்கும். ஆக, அது வண்டியின் வாசனையல்ல. அந்தத் தடத்தில் பிழைத்தவர்களின் வாசனை.

நஞ்சையா போற்றுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2012இல் உறுதிசெய்துவிட்டது. 2020 முதல் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்குமேல் இருக்கக் கூடாது. அந்தப் புகை போனது நல்லதே, திரும்பி வரவும் வேண்டாம். ஆனால் புகையோடு சேர்த்துக் கடவத்தையும் இறக்கிவிட்டோமே, அதற்கு எந்த மருத்துவக் காரணமும் கிடையாது.

2021 டிசம்பரில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய மூதாட்டி ஒருவரை நாற்றம் என்று சொல்லி குளச்சலில் அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டித்தார், பணியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மற்ற பயணிகளுக்குச் சங்கடம் இருக்காதா என்பது அடுத்த கேள்வி. இருக்கும்தான். அதே சங்கடம் அந்தக் காலப் பயணிகளுக்கும் இருந்தது. மூக்கைச் சுளித்தார்கள், ஏசினார்கள், ஆனாலும் மதியத்துக்கு மீன்குழம்பு வேண்டுமென்றால் கடவமும் கூட வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். பிச்சிப்பூவை நினைத்து உருகிவிட்டு மீனை மறப்பவர்களின் ஏக்கத்தை என்னால் நம்ப முடியவில்லை. கடற்கரைத் தடங்களில் ஓடும் பேருந்துகளின் பின்பக்கம், கழுவிவிடத் தோதான தகரத் தளத்தோடு கூடை வைக்க ஓரிடம் ஒதுக்குவது பெரிய செலவில்லை. பழைய பேருந்தை நேசிக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.