என் முதற் கிளாரினெட்

நாற்பத்து மூன்றாவது வயதில் கிளாரினெட் வாங்கப் போகிறேன் என்றதும் மனைவி ஒன்றுதான் கேட்டா: "இந்த வயசில ஊதி ஆருக்குக் காட்டப் போறீங்க?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. சிறுவயதில் வாப்பாவின் பெட்டரி றேடியோவில் திருச்சி வானொலி கடல் தாண்டி வரும். ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டை அதில்தான் முதன்முதலாகக் கேட்டேன். அவர் நாதஸ்வரத்திலிருந்து கிளாரினெட்டுக்கு வந்தவர் என்பது பின்னர் அறிந்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது, எனக்கு நானே ஒரு கடன் வைத்திருப்பது போல் தோன்றியது.

அதே 2022இல்தான் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. புதிய கருவியை ஒரு வாத்தியார் நினைத்தும் பார்க்க முடியாது. கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் கறுத்த மரத்தில் ஒன்று கிடந்தது. நீல வெல்வெட் பெட்டி, வெள்ளி போல் மினுங்கும் சாவிகள். "இங்கிலாந்துச் சாமான் சேர், இந்த மாதிரி மரம் இப்ப வராது" என்றார் கடைக்காரர். அழகில் மயங்கிக் கேட்ட விலையைக் கொடுத்தேன்.

மூன்று மாதம் ஊதினேன். கீச்சிட்டது, இல்லாவிட்டால் வெறுங்காற்று வந்தது. "ஆட்டுக்கு என்ன வாப்பா செய்றீங்க?" என்று சின்ன மகன் ஓடி வந்தான். உதடு தடிப்பு என்று நினைத்தேன், மூச்சுப் போதாது என்று நினைத்தேன், வயது போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு கட்டத்தில் நிய்யத்திலேயே பிழையோ என்று கூடப் பயந்தேன்.

கடைசியில், பொலிஸ் வாத்தியக் குழுவில் ஊதி ஓய்வு பெற்ற ஓர் அன்பரிடம் கொண்டு போனேன். அவர் ஊதிப் பார்க்கவில்லை. ஐந்து துண்டுகளில் மேற்துண்டை மட்டும் கழற்றினார். துளைகளை விரல்களால் மூடி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்து, மேலே வாய் வைத்து உறிஞ்சினார். நல்ல கருவியென்றால் அந்த உறிஞ்சல் கொஞ்ச நேரம் பிடித்து நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. சைக்கிள் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்ப்பது போலத்தான். சாவிகளின் அடியிலிருந்த மெத்தைகள் உக்கிப் போயிருந்தன.

பிறகு சாவிகளை எண்ணினார். பதின்மூன்று. அது அல்பர்ட் முறைக் கருவி. நான் வைத்திருந்த பயிற்சிப் புத்தகமோ பதினேழு சாவியும் ஆறு வளையமும் உள்ள போம் முறைக்கானது. விரல் வைப்பே வேறு. கடைசியாக, மரத்தில் பொறித்திருந்த எச், பி என்ற இரண்டு எழுத்துகளைக் காட்டினார். உயர் சுருதி என்பதன் குறி அது. பிரித்தானிய இராணுவ வாத்தியக் குழுக்கள் 1920களின் கடைசிவரை அப்படித்தான் ஊதின. இன்று உலகம் 440 அதிர்வில் வைக்கும் சுரத்தை அந்தக் கருவி 452க்குப் பக்கத்தில் ஒலிக்கும். வேறெந்த வாத்தியத்தோடும் சேராது.

"பிழை உங்களில இல்ல மாஸ்டர்" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய சொல். எனக்கோ நெஞ்சு அடைத்தது. பல வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் தாறுமாறாக எழுதுவான். "உனக்கு எழுத்து வராது" என்று எல்லோர் முன்னும் சொன்னேன். அவனுக்குக் கண்பார்வை குறைவு என்பது ஏழாம் வகுப்பில்தான் தெரிய வந்தது. அந்த இரண்டு வருடமும் பிழை தன்னில்தான் என்று அவன் நம்பியிருப்பான். புதிதாகப் படிப்பவனுக்குத் தன் குறை எது, கருவியின் குறை எது என்று பிரித்தறியத் தெரியாது. அதைத் தெரிந்தவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த அன்பரே தேடித் தந்ததுதான் இப்போது என்னிடமுள்ள பாவித்த யமஹா. பி-பிளாட் சுருதி, போம் முறை, உடல் பிளாஸ்ரிக். மரமல்லவே என்று முகம் சுளித்தேன். "கச்சான் காற்றில உங்கட கதவு வெடிக்கல்லையா? மாரியில அதே கதவு ஊதிப்போய்ப் பூட்டுப்படுதா? கிளாரினெட் மரத்துக்கும் அதே கதிதான்" என்றார். ஊதுவாயின் நுனியை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். அங்கே சிறு உடைவு இருந்தாலும் ஊதுவாயை மாற்ற வேண்டும். நாதஸ்வரக்காரரின் சீவாளிக்கு இணையாக இதில் ஒற்றை ரீட் உண்டு. தொடக்கக்காரனுக்கு இரண்டாம் இலக்கம் போதும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குமுன் ஊதத் தெரிந்த ஒருவர் ஊதிப் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த ரீட் ஒரு நாணல். அதே இன நாணலிலிருந்துதான் மேற்காசியாவின் 'நெய்' குழலும் செய்யப்படுகிறது. நமது ஷாஃபிஈ மத்ஹபில் 'யராஉ' எனும் நாணற்குழல் பற்றியே ஒரு விவாதம் உண்டு. ராஃபிஈ இமாம் (மறைவு 1226) அது ஆகும் என்றார். நவவி இமாம் (மறைவு 1277) ஆகாது என்பதே மிகச் சரி என்று மின்ஹாஜில் திருத்தி எழுதினார். அரபியில் 'யராஉ' என்ற சொல் நாணற்குழலையும் குறிக்கும், எழுதுகோலையும் குறிக்கும். இதைப் பெருமையாக என் மௌலவி மச்சானிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "உங்கட சாமான் இடையன்ட குழல் இல்ல, அது மிஸ்மாருக்குக் கிட்ட. நான் நவவி இமாமோடதான் நிக்கிறன்" என்றார். பிறகு, "பாங்கு நேரத்தைப் பாத்துக்கங்க" என்றும் சொன்னார். இதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. அவருடைய கருத்தும் என் ஆசையும் ஒரே சஹனில் இருந்து சாப்பிடுகின்றன. அது எனக்குப் போதும்.

அஸருக்குப் பின் வாவிக்கரையில்தான் ஊதுகிறேன். மீன் பாடும் நாடென்று பெயர். மனிசன் ஊதினால் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். எட்டுச் சுரங்கள் சுத்தமாக வருகின்றன.

போன மாதம் கருவியை மெத்தை மாற்றக் கொண்டு போகும்போது, அந்தப் பையனின் ஓட்டோவில்தான் ஏற நேர்ந்தது. தடித்த கண்ணாடி போட்டிருந்தான்.

"இதென்ன சேர் பெட்டி?"

சொன்னேன். முதலில் வாங்கியது பிழையான கருவி என்பதையும், மூன்று மாதம் என்னையே குறை சொன்னதையும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. கல்லடிப் பாலம் வந்தது, கடந்தது. இறங்கும்போதுதான் சொன்னேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அதெல்லாம் எப்பவோ சேர்" என்றான். காசை மட்டும் எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டான்.