சித்தப்பா பத்மினிக்கு எத்தனை கியர்?

கார் என்றாலே கொட்டாவி வருகிறவர்கள் இந்த வாரம் லீவு எடுத்துக்கொள்ளலாம், கோபமில்லை :-) மற்றவர்கள் வாங்க. சமாச்சாரம் கியர் பாக்ஸ் பற்றியது.

என்னிடம் 1986 மாடல் பிரிமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. என்னிடம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகப்படி. ஆர்.சி. புத்தகத்தில் என் பேர் இருக்கிறது, அவ்வளவுதான். வண்டி சித்தப்பாவுடையது. 1993-ல் ஒரு பார்சிக்காரரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினார். 2003-ல் பி.காம். பட்டமும் ஒரு தகரப் பெட்டியுமாக நான் திருநெல்வேலியிலிருந்து பேங்க் வேலைக்கு வந்து இறங்கியபோது, சயானில் சித்தப்பாவின் ஒரு ரூம் கிச்சன் வீட்டில்தான் எட்டு மாதம் கிடந்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் இதில்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நான் கிளட்ச் மிதிக்க, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சித்தப்பா கியர் போடுவார். ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பி இருப்பதால் அது முடிந்தது. முன்சீட்டும் ஒரே நீளமான பெஞ்சு. சித்தப்பா, சித்தி, நடுவில் அவர்கள் மகள் என்று மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போன காலம் அது.

இடது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் போனதும், 2016-ல் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மாசத்துல ஒரு நாள் கியர் பாக்ஸ் எண்ணெய பாத்துக்கோல." சரி சித்தப்பா என்றேன். முதல் இரண்டு வருஷம் பார்த்தேன். அப்புறம் பிரமோஷன், இன்ஸ்பெக்ஷன், ஆடிட். கீழே தரையில் எண்ணெய்க் கறை இருப்பது தெரியும். பழைய வண்டி, ஒழுகத்தானே செய்யும் என்று அதன் மேல் ஒரு அட்டையைப் போட்டு வைத்தேன்.

2024 ஆகஸ்டில் சயான் ரயில்வே பாலத்தை இடிப்பதற்காக மூடினார்கள். எங்கள் ஏரியாவில் குடியிருப்பவர்களுக்கு அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிஷத்துத் தூரத்துக்கு முக்கால் மணி நேரம், எல்லாம் முதல் கியரும் இரண்டாவது கியருமாக. அப்போதுதான் வண்டி முனக ஆரம்பித்தது. முதல், இரண்டு, மூன்று எல்லாவற்றிலும் ஒரு ஊளை. நாலாவது கியர் விழுந்ததும் கப்சிப்.

தாராவி நைண்டி ஃபீட் ரோட்டுப் பக்கம் நம்ம கோவில்பட்டி அண்ணாச்சி ஒருவர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். டாக்ஸிக்காரர்களின் பத்மினிகளைப் பிரித்துப் பிரித்தே கை பழகியவர். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "லே ஷாஃப்ட் பேரிங் சார்" என்றார். பிரிக்காமலே எப்படித் தெரியும் என்று கேட்டேன். நாலாவது கியரில் எஞ்சினிலிருந்து வரும் தண்டும் பின்னால் போகும் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்ளுமாம், ஒன்றுக்கு ஒன்று. கீழே இருக்கும் லே ஷாஃப்ட் சும்மா சுற்றும், பாரம் கிடையாது. மற்ற மூன்றிலும் பாரம் முழுக்க அதன் வழியாகத்தான் போகும். அதனால் நாலில் சத்தம் அடங்கினால் குற்றவாளி அதுதான். (பத்மினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். சத்தமே இல்லாமல் கியர் மட்டும் விழ மறுத்தால் பெட்டியைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். பாதி நேரம் ஸ்டியரிங்கிலிருந்து கீழே போகிற கம்பிகளின் புஷ்தான் தேய்ந்திருக்கும்.)

அண்ணாச்சி மூன்று வழி சொன்னார். இருக்கிற பெட்டியையே பிரித்துச் செய்வது. 118 என்இ காரின் நிஸான் பெட்டியைப் போடுவது. இல்லையென்றால் பழைய கான்டெஸ்ஸாவிலிருந்து இஸுஸு ஐந்து கியர் பெட்டி. "எக்ஸ்பிரஸ் வேல சும்மா வழுக்கிட்டுப் போவும் சார்" என்றார் கடைசியைப் பற்றி. எனக்குப் பிடித்துக்கொண்டது.

பேங்க்காரன் புத்தி. லோன் ப்ரபோஸல் மாதிரி எக்ஸெல் திறந்து உட்கார்ந்துவிட்டேன். முதலில் பின் ஆக்ஸில் என்ன விகிதம் என்று தெரிய வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, தண்டில் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினோம். மறு சக்கரம் தரையில் நிற்பதால், இந்தப் பக்கம் இரண்டு சுற்றுக்குத்தான் உள்ளே கிரௌன் வீல் ஒரு சுற்று வரும். தண்டு நாலு சுற்றும் இன்னொரு சுற்றில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலேயும் வந்தது. 4.3 என்று வைத்துக்கொண்டேன். டயரில் கோடு போட்டு உருட்டிப் பார்த்ததில் ஒரு சுற்றுக்கு 1.85 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நிமிஷத்துக்கு 1333 மீட்டர். சக்கரம் 720 தடவை சுற்ற வேண்டும். 4.3-ஆல் பெருக்கினால் நாலாவது கியரில் எஞ்சின் ஏறக்குறைய 3100 சுற்று. 0.85 விகிதத்தில் ஐந்தாவது கியர் ஒன்று இருந்தால் 2635. சத்தம் குறையும், பெட்ரோல் மிஞ்சும். பக்கத்துக் கட்டத்தில் நிஸான் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் நாலுதான், நாலாவது அங்கேயும் ஒன்றுக்கு ஒன்றுதான். கூடப் பெருக்க ஒன்றுமில்லை. எக்ஸெல் ஐந்து கியர் பக்கம் சாய்ந்தது.

எக்ஸெலில் வராத கணக்கை அண்ணாச்சிதான் போட்டார். இஸுஸு பெட்டிக்கு வண்டியின் நடு முதுகுத் தகரத்தை வெட்ட வேண்டும். பின்னால் போகும் தண்டைக் குறுக்க வேண்டும். எஞ்சினோடு பொருத்த ஒரு பிளேட் கடைந்து எடுக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். கியர் கம்பி தரையிலிருந்து முளைக்கும், பெஞ்சு சீட்டைக் கழற்றிவிட வேண்டியதுதான். எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் ரூபாய். நம்ம எஞ்சினோ 1089 சிசி, ஏறக்குறைய நாற்பது குதிரை. லேசான ஏற்றம் வந்தாலே ஐந்திலிருந்து நாலுக்கு இறங்கத்தான் வேண்டும். சரி, பின் ஆக்ஸிலையே மாற்றி 4.3-ஐக் குறைத்தால் என்ன என்று கேட்டேன். "கண்டாலா ஏத்தத்துல எறங்கித் தள்ளுவீங்களா சார்?" என்றார்.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு ஐந்தில்தான் நின்றது. காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். புதுப் பெட்டி போட்டால் 'அப்கிரேட்' என்று சொல்லிக்கொள்ளலாம். பழசையே பிரித்தால், அது ஏன் போச்சு என்று சித்தப்பா கேட்பார்.

செம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார் இப்போது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். தரையில் கியர் இருந்தால் தோளைத் தூக்க வேண்டாம், நீங்களும் ஓட்டலாம் என்று கடைசி அஸ்திரத்தையும் போட்டேன்.

"எலே, எனக்குக் கண்ணே தெரியல. கியர் எங்க இருந்தா எனக்கென்ன?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எண்ணெய் பாத்தியால?" என்றார்.

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. "நாலஞ்சு வருஷமாப் பாக்கல சித்தப்பா" என்றேன். சித்தி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்தார். சித்தப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காகிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, "வருஷத்துக்கு எத்தன தரம்ல புனாவுக்குப் போற?" என்று மட்டும் கேட்டார். ஒரு தரம். அதுவும் பாதி வருஷம் டெக்கான் குயினில்.

பழைய பெட்டியையே பிரித்தோம். உள்ளே எண்ணெய் என்ற பேரில் அரை டம்ளர் கரி. லே ஷாஃப்ட் பற்கள் இரண்டு குழி விழுந்திருந்தன. பேரிங் கடையில் கிடைத்துவிட்டது. ஷாஃப்டுக்கு குர்லா சிஎஸ்டி ரோட்டுப் பழைய சாமான் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்தோம். இதே குர்லாவில்தான் பிரிமியர் கம்பெனி 1964-லிருந்து ஃபியட் 1100 டிலைட் என்று இந்த வண்டியைச் செய்தது, 1974-ல் பத்மினி ஆக்கியது. பிரிமியர் ரோடு என்ற பேர் இன்னும் இருக்கிறது. கடைசியில் கிடைத்தது ஒரு டாக்ஸியின் பெட்டி. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29-ல் பதிவானது. டாக்ஸிக்கு இருபது வருஷம்தான் ஆயுள் என்பதால் 2023 அக்டோபரோடு எல்லாம் முடிந்தது. அப்படிப் பிரிக்கப்பட்ட ஏதோ ஒரு வண்டியின் ஷாஃப்ட் இப்போது எங்கள் வண்டியில் சுற்றுகிறது. எத்தனை பேரை தாதர் ஸ்டேஷனில் இறக்கிவிட்டதோ.

எண்ணெய் விஷயத்தில் அண்ணாச்சி கறார். கியர் பெட்டிக்கு ஜிஎல்-4 தான் ஊற்றுவார். ஜிஎல்-5 போட்டால் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும் என்று அதைப் பின் ஆக்ஸிலோடு நிறுத்திவிடுகிறார். மொத்தச் செலவு பத்தொன்பதாயிரம். முதல் கியருக்கு அந்த வளையம் கிடையாது, வண்டி முழுசாக நின்ற பிறகுதான் விழும். அது அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவையும் என் பையனையும் ஏற்றிக்கொண்டு சேடா நகர் போனோம். பையன் நடுவில். பதினான்கு வயசு, முட்டி டேஷ்போர்டில் இடிக்கிறது. சயான் சர்க்கிள் தாண்டி மூன்றாவது போடும்போது சித்தப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்து காம்பவுண்டில் நிறுத்தியதும், அண்ணாச்சி கொடுத்த ஸ்பானரைப் பையன் கையில் கொடுத்துக் கீழே படுக்கச் சொன்னார். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் மூடியைத் திறந்து விரலை விடவேண்டும்.

"வெரல் நனையுதால?"

"நனையுது தாத்தா."

"மூடு. இறுக்கி மூடு."

ரிவர்ஸ் மட்டும் இன்னும் கொஞ்சம் கரகரக்கிறது. அடுத்த சனிக்கிழமை அண்ணாச்சியிடம் காட்ட வேண்டும்.