கோகோஸ் தீவில் இறங்கியவர்கள்

2014 ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய படகில் 157 பேர் இருந்தார்கள். என் சித்தி மகளும் அவள் குடும்பமும் அதில் போனார்கள். போவதற்கு முன் படப்பையில் உள்ள எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து, தன் அகதி முகாம் அட்டையை பாலித்தீன் உறையில் சுற்றி என் மனைவியிடம் கொடுத்தாள். "வச்சிருங்கோ அண்ணி, இனி எனக்குத் தேவைப்படாது" என்றாள்.

ஜூன் கடைசியில் படகிலிருந்து எந்தச் சேதியும் இல்லை. ஒரகடம் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறக்கும்போதெல்லாம் கை நடுங்கும். நடுக்கடலில் ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் அவர்களை ஏற்றி, ஜன்னலில்லாத அறைகளில் வைத்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து கோகோஸ் தீவில் இறக்கினார்கள். அங்கிருந்து ஆஸ்திரேலியப் பெருநிலம், பிறகு நவ்ரு தீவு.

கோகோஸ் தீவின் பேரையே அப்போதுதான் கேள்விப்பட்டேன். தேடித் தேடிப் படித்தேன். 1827இல் ஜான் க்ளூனிஸ்-ராஸ் என்ற ஸ்காட்லாந்து கப்பல் தலைவன் அங்கே குடியேறினான். தென்னந்தோப்பு வேலைக்கு மலாய் மக்கள். 1886இல் விக்டோரியா மகாராணி தீவுகளையே அந்தக் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். தேங்காய் உரித்தவர்களுக்குக் கூலி, முதலாளி அடித்த வில்லைக் காசு. அது அவர் கடையில் மட்டுமே செல்லும். தீவை விட்டுப் போனவர் திரும்பி வர முடியாது. இதைப் படித்தபோது, செக்கிங்குக்கு ஆள் இல்லாவிட்டால் பட்டியலில் பேர் அடிபட்டுவிடும் என்று பயந்து ஓடிய எங்கள் முகாம் நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. 1990இல் இலங்கையிலிருந்து அகதியாக மண்டபத்தில் இறங்கியவன் நான்.

1978இல் ஆஸ்திரேலியா 62.5 லட்சம் டாலர் கொடுத்து, குடும்பத்தின் மாளிகை நீங்கலாகத் தீவுகளை வாங்கியது. 1984 ஏப்ரலில் அந்த மலாய் மக்களிடம் நேராகவே கேட்டார்கள்: தனி நாடா, சுதந்திரக் கூட்டா, எங்களோடு இணைவதா? பெரும்பான்மையோர் இணைய வாக்களித்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தின் சொத்தைப் போல வாழ்ந்தவர்களுக்கு அந்த ஒரு நாள் கிடைத்தது. அதே மண்ணில் இறங்கிய எங்கள் பிள்ளைகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அவர்களை நடுக்கடலில் காவலில் வைத்தது சட்டப்படி சரியே என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது.

சித்தி மகள் கொடுத்த அட்டை இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த பிள்ளைகள் இன்றும் அப்படியோர் அட்டையோடுதான் வளர்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. இந்த மண்ணில் பிறந்தவர்களிடம் எங்கே வாழ விருப்பம் என்று கேளுங்கள். இங்கேதான் என்றால் குடியுரிமை கொடுங்கள். அதற்குப் பிறகு யாரும் படகேறத் தேவையில்லை.