பின்பாட்டு

செய்யாறு பக்கம் ஒரு கிராமம். திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிரே கூத்துக் களரி. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஓலைத் தடுப்புக்குப் பின்னால், குண்டு பல்பின் கீழே, பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி கைகளை விரித்து நிற்கிறாள். முதல் தடவையாக இன்று அவளுக்கு அபிமன்யு வேஷம்.

"மூச்ச இழுத்துப் புடி."

அக்கா ஒருத்தி புஜக்கட்டையை வைத்துக் கயிற்றை இறுக்குகிறாள். கல்யாண முருங்கையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கட்டை. லேசான மரம்தான், ஆனால் கயிறு தோளில் பதிந்துவிடும்.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

இன்னும் ஒரு சுற்று.

அந்த அக்கா, புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் படித்தவள். திரௌபதி வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த கலைக்குள் பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூனும் பெண் பிள்ளைகளை அழைத்துவந்த இடம் அது. 2020இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே கற்ற முடிச்சு இப்போது இந்தச் சிறுமியின் தோளில் விழுகிறது.

இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். போன வருஷம் இதே களரியில் திரையின் ஒரு முனையைப் பிடித்து நின்றவள் இவள். விடிய விடிய தூங்காமல், ஆடுகிறவர்களின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது திரைக்குக் கீழே அவள் பாதங்கள் தெரிகின்றன. சலங்கை. மஞ்சள் பூசிய விரல்கள். உள்ளிருந்து எழும் குரலில் நடுக்கமில்லை. வலது கால் கட்டைவிரல் மட்டும் மண்ணைக் கீறிக்கொண்டே இருக்கிறது.

திரை விலகியதும் கிறிக்கி. உடுப்பு குடையாக விரிய, களரியைச் சுற்றிச் சுழன்று வருகிறாள். பாயில் படுத்திருந்த பிள்ளைகள் எழுந்து உட்காருகிறார்கள். மூன்றாம் சுற்று முடிந்து பாட்டை எடுக்கும்போது மூச்சு அறுந்துவிடுகிறது. பாதி வரி வெளியே, பாதி உள்ளே.

முகவீணைக்காரர் அந்தச் சுரத்தை விடவில்லை. கன்னம் உப்ப, அப்படியே நிறுத்திப் பிடிக்கிறார். மிருதங்கம் இன்னொரு சுற்று கூடுதலாக வாசித்துக் காத்திருக்கிறது. அவள் மூச்சு வாங்கி, விட்ட இடத்திலேயே வரியைத் தொடுகிறாள். வாத்தியார் ஹார்மோனியத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இந்த இரவில் நான் கண்ட பேரன்பு இதுதான்.

பாட்டி ஒருத்தி சுருக்குப் பையை அவிழ்த்துப் பத்து ரூபாயை நீட்டுகிறாள். கட்டியக்காரன் ஊர் பேரோடு அதை மைக்கில் சொல்கிறான்.

பிறகு சக்கர வியூகம். உள்ளே போகத் தெரிந்த பிள்ளைக்கு வெளியே வரத் தெரியாது. அபிமன்யு விழும்போது முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

நாலு மணி இருக்கும். மகனைத் தேடி அர்ஜுனன் வருகிறான். கிரீடத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, வியர்வையில் அரிதாரம் வழிந்த முகத்தோடு, அவள் பின்பாட்டு பெஞ்சில் வந்து உட்காருகிறாள். அர்ஜுனன் புலம்புகிறான். செத்துப்போன பிள்ளைக்காக அவன் பாடும் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும், தாளம் தட்டியபடி, அவள் வாங்கிப் பாடுகிறாள்.