பெயரில்லாத ஓர் உருபு

ஓட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. கிண்டிக் காட்டிலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட சென்னை ஐஐடி வளாகத்தில் இன்னும் முழுதாக விடியவில்லை. சாலையோரம் நின்ற புள்ளிமான்கள் கூட்டத்தைக் கண்டு விலகவுமில்லை, நெருங்கவுமில்லை. இரவல் வாங்கிய காலணியின் கயிற்றை மூன்றாம் முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் அவள். பள்ளியில் எட்டாம் வகுப்போடு ஓடுவதை நிறுத்தியவள். வேதியியலில் ஆய்வுப்பட்டத்துக்காகச் சென்னைக்கு வந்து மூன்றாம் ஆண்டு நடக்கிறது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்துக்கு விடுதித் தோழியர் பெயர் கொடுத்தபோது, மறுக்கக் காரணம் கிடைக்காமல் தானும் கொடுத்திருந்தாள்.

முந்தைய இரவு தோழியர் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் எடுத்து, தடித்த மையில் ‘க்காக ஓடுகிறேன்’ என்று எழுதி, முன்னால் பெயருக்கு இடம் விட்டிருந்தனர். ஒருத்தி தன் தாத்தாவின் பெயரை எழுதினாள். இன்னொருத்தி பள்ளி ஆசிரியை ஒருவரின் பெயரை எழுதினாள். அவளுடைய தாளில் மட்டும் அந்த இடம் நிரம்பவில்லை. முதுகில் ஊக்கினால் குத்தப்பட்டபோதும் அது அப்படியே இருந்தது: பெயரில்லாத ஓர் உருபு.

பெயர் இல்லாமலில்லை. பாலசமுத்திரத்தில் அவளுடைய அம்மாவுக்கு ஐந்து மாதமாகச் சிகிச்சை நடக்கிறது. சித்தூர் மாவட்டத்தின் தமிழக எல்லையோரம் இருக்கும் அவ்வூரில் வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் புழங்கும். இரண்டு மொழிகளில் எதிலும் அந்த நோயின் பெயரை அக்குடும்பம் இதுவரை உரக்கச் சொன்னதில்லை. கேட்பவர்களுக்கு ‘ரத்தம் கம்மி’ என்பதே பதில். முடி உதிர்ந்ததற்குத் திருப்பதி மொட்டை என்ற விளக்கம் வசதியாக அமைந்தது. மணமாகாத பெண் இருக்கும் வீட்டில் தாயின் மார்பில் வந்த கட்டி, பெண்ணின் சாதகத்தில் எழுதப்படாத தோஷமாகிவிடும் என்று அப்பா அஞ்சினார். ‘அவளுக்கும் வருமோ’ என்று எவரும் நேரில் கேட்கமாட்டார்கள். வரன் மட்டும் வராமல் நின்றுவிடும். முதுகில் அம்மாவின் பெயரை எழுதினால், தோழியர் எடுக்கும் படம் அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் வழியாக ஊர் போய்ச் சேரும். தாளில் இருந்த வெற்றிடத்துக்குக் காரணம் அதுதான்.

அந்த வீட்டில் அம்மாவுக்காக முதலில் உடலை வருத்திக்கொண்டவர் அத்தை. சிகிச்சை தொடங்கிய வாரத்தில் அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3550 படிகளையும் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டார். மோகாள்ள மெட்டில் முழங்காலாலேயே ஏறித் தோல் உரிந்து வந்தார். ஓட்டத்தைப் பற்றித் தொலைபேசியில் கேள்விப்பட்ட அவர் கேட்ட கேள்வி எளிமையானது.

“நீ மெட்ராசுல ஓடுனா, இங்க உங்கம்மாவுக்கு எப்படிடி நல்லாகும்?”

‘நீங்கள் மலையேறினால் எப்படி நல்லாகும்’ என்று திருப்பிக் கேட்க நா வரை வந்தது. அந்த முழங்கால்களை நினைத்துக்கொண்டு, “தெரியல அத்தை” என்றாள்.

இந்த ஓட்டத்துக்குப் பெயர் தந்தவரிடமும் இக்கேள்விக்கு நேரான விடை இல்லை. டெர்ரி ஃபாக்ஸ் 1958இல் கனடாவில் பிறந்தவர். எலும்புப் புற்றுநோயால் 1977இல், தம் 18ஆம் வயதில், வலக்காலை முழங்காலுக்கு மேல் இழந்தார். மருத்துவமனையில் உடனிருந்த மற்ற நோயாளிகளின், குறிப்பாகச் சிறுவர்களின், வேதனை அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயிண்ட் ஜான்ஸ் நகரில் அட்லாண்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்துவிட்டு, நாட்டை மேற்கு நோக்கிக் கடக்கத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தொலைவு. 143 நாள்களில் 5373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகே நிற்க வேண்டியதாயிற்று. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28 அன்று 22 வயதில் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த முதல் நினைவு ஓட்டத்தில் மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டு 35 லட்சம் டாலர் திரட்டினர். இன்று பல நாடுகளில் நடக்கும் இந்த ஓட்டத்தில் வெற்றியாளர் இல்லை, பரிசு இல்லை, நடந்தும் முடிக்கலாம். ஓடியதால் அவருடைய நோய் தீரவில்லை. ஓட்டம் வேறு எவருக்கோ பயன்பட்டது.

ஓட்டம் தொடங்கியது. முதன்முறை ஓடும் எல்லோரும் செய்யும் பிழையை அவளும் செய்தாள்: கூட்டத்தின் வேகத்தைத் தன் வேகம் என்று எண்ணிக்கொண்டாள். ஒரு கிலோமீட்டர் முடிவதற்குள் விலாவில் பிடித்துக்கொண்டது. மூச்சு வாய்க்கும் தொண்டைக்கும் நடுவே தடுமாறியது. அருகில் ஓடிவந்த நரைத்த பெண்மணி ஒருவர், “பேசிக்கிட்டே ஓட முடியுற வேகத்துல போம்மா. பேச்சு நின்னா வேகம் அதிகம்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு, அதே வேகத்தில் முன்னே சென்றார். அவள் நடந்தாள். இடுப்பில் கைவைத்து நின்றாள். மறுபடி மெல்ல ஓடினாள். எட்டாம் வகுப்பில் ‘பெரிய பொண்ணு ஓடக்கூடாது’ என்று நிறுத்தப்பட்ட கால்கள், பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு கழித்துத் தம் கணக்கைத் தாமே தொடங்கின.

நான்காம் கிலோமீட்டரில், பின்னால் வந்த சிறுவன் ஒருவன் அவள் முதுகைப் படித்துவிட்டு உரக்கக் கேட்டான்: “அக்கா, யாருக்காக ஓடுறீங்க? பேரே இல்லையே!” பேசிக்கொண்டே ஓட முடிந்த வேகத்தில்தான் அப்போது அவள் இருந்தாள். ஆனாலும் பேச்சு வரவில்லை.

கொடுக்க நினைப்பவர் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாமே, ஓடுவது எதற்கு என்ற ஐயம் நியாயமானது. கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் ஆகிய இரு உளவியலாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை எடுத்துக்கொண்டது. அறச்செயல் வலியும் உழைப்பும் கோருமென்று தெரிந்தால், எளிதான வழியில் கொடுப்பதைவிட மக்கள் அதிகம் கொடுக்க முன்வருகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. இதற்கு அவர்கள் ‘தியாக விளைவு’ என்ற பொருளில் பெயரிட்டனர். வலி கொடைக்குப் பொருள் ஏற்றுகிறது. இதை அத்தைக்கு எந்த ஆய்விதழும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆயினும் மலையேறியதும் ஓடியதும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு முதுகில் இருந்த உருபுக்குள்ளேயே கிடந்தது. தெலுங்கில் ‘அம்ம கோசம்’ என்றால் அம்மாவின் பொருட்டு. ‘அம்ம பதுலு’ என்றால் அம்மாவுக்கு மாற்றாக. தமிழிலும் ‘பதிலாக’ உண்டு. ஆனால், பேச்சில் ‘க்காக’ இரண்டு வேலையையும் தானே செய்துவிடும். ‘அப்பாவுக்காக நான் கூட்டத்துக்குப் போனேன்’ என்பவர், அப்பாவின் விருப்பத்துக்காகப் போனாரா, அவர் இடத்தில் போனாரா என்பதை வாக்கியம் மட்டும் சொல்லாது. அத்தையின் நேர்த்தி இரண்டாம் பொருளைச் சார்ந்தது: ‘அவளுக்கு வர்ற வலி எனக்கு வரட்டும்.’ டெர்ரி ஃபாக்ஸ் ஓடியது முதற்பொருளில். ஒருவர் உடலின் வலியை இன்னொருவர் உடல் வாங்கிக்கொள்ள முடியாது. அதை ஒப்புக்கொண்ட பின்னும் செய்ய ஏதோ மிச்சமிருக்கிறது என்பதே இத்தகைய ஓட்டங்களின் அடிப்படை.

நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் தரும் பொருள்களின் வரிசை கொடையில் தொடங்குகிறது. அடுத்து நிற்பது பகை. அதே ‘கு’ உருபு, நோயாளிக்குக் கொடுப்பதற்கும் நோய்க்குப் பகையாவதற்கும் போதுமானதாக இருக்கிறது. உருபால் செய்ய இயலாதது ஒன்றுதான்: பெயரின்றித் தனித்து நிற்பது. பெயரைச் சொல்லாத வரை கொடைக்கும் முகவரி இல்லை, பகைக்கும் முகவரி இல்லை. ‘ரத்தம் கம்மி’க்கு எவரும் நிதி திரட்ட முடியாது. ‘ரத்தம் கம்மி’ என்று கேட்ட பக்கத்து வீட்டுப் பெண், தன் மார்பில் தட்டுப்படும் கட்டியைக் காட்ட மருத்துவரிடம் போகவும் மாட்டாள்.

ஐந்து கிலோமீட்டரை அவள் முடித்தபோது வெயில் ஏறியிருந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை. வாழைப்பழமும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு, ஒரு மரத்தடியில் அமர்ந்து வீட்டுக்குப் பேசினாள். அத்தைதான் எடுத்தார். “முடிச்சிட்டியா? கால் வலிக்குதா?” என்று கேட்டார். வலிக்கிறது என்றதும் அவர் குரலில் ஒரு நிறைவு தெரிந்தது. தொலைபேசி அம்மாவிடம் போனது.

தோழியர் முதுகில் எழுதியிருந்த பெயர்களைப் பற்றி அவள் சொன்னாள். அம்மா சற்று நேரம் பேசவில்லை.

“எம் பேரு எழுதுனியா?”

“இல்லம்மா.”

“ஏன்?”

அந்த ‘ஏன்’ அவள் எதிர்பாராதது. மறைப்பது அம்மாவின் விருப்பம் என்றே ஐந்து மாதமும் நம்பியிருந்தாள். அது அப்பாவின் அச்சம், அத்தையின் எச்சரிக்கை, தன்னுடைய தயக்கம். அம்மாவை எவரும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“அப்பா...” என்று தொடங்கி நிறுத்தினாள்.

“அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார் அம்மா. “எழுதிக்கோ. தெலுங்குல வேணாம். தமிழ்ல எழுது.”

தாளை முதுகிலிருந்து கழற்றினாள். வியர்வையில் நனைந்து மை சற்றுக் கலைந்திருந்தது. எழுதுகோல் எவரிடமும் இல்லை. பதிவு மேசை வரை சென்று ஒன்றைக் கேட்டு வாங்க, வலிக்கும் கால்களோடு எழுந்து நடந்தாள்.