ரசீதுள்ள கடிகாரம்

1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 123-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடத்தல் பொருள் என்று நியாயமாக நம்பி அதிகாரிகள் ஒன்றைக் கைப்பற்றினால், அது கடத்தி வரப்பட்டதல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருப்பவரின் தலையில் விழுகிறது. குற்றம் சாட்டுபவரே நிரூபிக்க வேண்டும் என்ற பொது நியதிக்கு நேர்மாறானது இது. எல்லாப் பொருள்களுக்கும் இந்தக் கடுமை கிடையாது. அரசு தனியே அறிவிக்கும் பொருள்களை விட்டுவிட்டால், பிரிவின் வாசகத்திலேயே பெயர் பெற்றிருப்பவை இன்று தங்கமும் கைக்கடிகாரமும்தான். கைப்பேசியைப் பார்த்து மணி சொல்லும் ஒரு தலைமுறைக்கு இது விளங்காது. தங்கம் சரி, கடிகாரம் எதற்கு?

அந்நியச் செலாவணிக்குப் பஞ்சமிருந்த காலம் அது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. நல்ல கடிகாரம்தான். ஆனால் கல்யாண மாப்பிள்ளையின் மணிக்கட்டுக்கு ஊர் எதிர்பார்த்தது ‘ஃபாரின்’ கடிகாரத்தை. சாவி கொடுக்காமல் கை அசைவிலேயே ஓடும் சீக்கோவும் ரிக்கோவும் படகிலும் கப்பலிலும் வந்து இறங்கின. இராமநாதபுரம் சீமையின் பனைக்குளத்தில் பிறந்து பம்பாய்த் துறைமுகத்தில் சுமை தூக்கிய ஹாஜி மஸ்தானைப் பற்றிய கதைகளில் தங்கத்துக்கு இணையாகக் கடிகாரமும் வருவது தற்செயலன்று. சென்னையில் இவற்றுக்கெல்லாம் முகவரி, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் உருவான பர்மா பஜார். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் கூப்பிடு தூரம். கடைக்காரர் சொல்லும் விலையில் பாதியைச் சொல்லி அங்கிருந்து ஏற வேண்டும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்த பாடம். ரசீது கேட்பது நாகரிகமல்ல.

என் தாய்மாமா சரக்குக் கப்பலில் என்ஜின் பகுதியில் வேலை பார்த்தவர். 1979-இல் கோபே துறைமுகத்தில் ஒரு சீக்கோ வாங்கினார். மெட்ராஸில் இறங்கியபோது அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். அப்படித்தான் எல்லோரும் செய்தார்கள். மாமா அதிகாரியிடம் கையை நீட்டிக் காட்டி, தீர்வை கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். தொகை கடிகாரத்தின் விலைக்குச் சற்றுத்தான் குறைவு. அதே துறைமுகத்தின் மதிலுக்கு வெளியே பர்மா பஜார். “ரோட்டத் தாண்டுனா அதே வாட்ச்ச பாதி வெலைக்குத் தந்திருப்பான், இந்த மனுஷன் கவர்மென்ட்டுக்கு மொய் எழுதிட்டு வந்தாரு” என்று அத்தை நாற்பது ஆண்டுகளுக்கு இதைச் சொல்லிக் காட்டினார். மாமா பதில் சொல்லிக் கேட்டதில்லை.

அத்தை சொன்னதில் ஒரு பிழை இருந்தது. அதே கடிகாரம் ரோட்டைத் தாண்டிக் கிடைத்திருக்காது. அது மூழ்காளிகளுக்கான கடிகாரம். நாலு மணிக்குப் பக்கத்தில் சாவி, சுற்றிலும் திருகும் வளையம், இருட்டில் ஒளிரும் தடித்த முட்கள், 150 மீட்டர் ஆழம் தாங்கும் என்ற உறுதிமொழி. ஜப்பானின் முதல் மூழ்காளிக் கடிகாரத்தை சீக்கோ 1965-இல் வெளியிட்டது. அதன் வாரிசுகளில் ஒன்று இது. உலகச் சந்தைக்குப் போன வகைக்கு 6309-7040 என்று எண். மாமாவுடையது 6306-7001, ஜப்பானியர்களுக்கென்றே செய்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே ஏற்றுமதி வகைக்கு 17 கற்கள், இதற்கு 21. சாவியை இழுத்தால் இதில் வினாடி முள் நின்றுவிடும், வானொலி மணிக்குத் துல்லியமாகச் சேர்த்துக்கொள்ளலாம், அதில் நிற்காது. மூன்றாவது வித்தியாசம், கிழமை.

கிழமைச் சக்கரத்தில் ஆங்கிலத்தோடு ஜப்பானிய எழுத்தும் இருக்கும், வேண்டியதை வைத்துக்கொள்ளலாம். மாமா ஜப்பானிய எழுத்தையே வைத்திருந்தார். சனி நீலம், ஞாயிறு சிவப்பு. ஜப்பானியர்களின் வாரமும் நம்முடையதைப் போலவே கோள்களின் வாரம். ஞாயிறும் திங்களும் அப்படியே. செவ்வாய்க்கு நெருப்பு, புதனுக்கு நீர், வியாழனுக்கு மரம், சனிக்கு மண். வெள்ளிக்கு மட்டும் அவர்கள் எழுதுவது பொன். ஒரே கோளை நாம் வெள்ளி என்றோம், அவர்கள் பொன் என்றார்கள்! அத்தைக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. கூரை போட்ட வீடு மாதிரி எழுத்து வந்தால் வெள்ளிக்கிழமை, வீடு கழுவி விளக்கேற்ற வேண்டும். அவ்வளவுதான்.

மாமாவுக்கு நீச்சல் தெரியும், ஆனால் என்ஜின் அறைக்குக் கீழே எந்த ஆழத்துக்கும் அவர் போனதில்லை. கப்பலை விட்டபின் அம்பத்தூரில் வீடு கட்டிக் குடியேறினார். அங்கே ஏரி உண்டு. 150 மீட்டரை அதன் கரையில் நின்று சொன்னால் ஏரியே சிரிக்கும்.

2018-இல் மாமா காலமானார். மறு ஆண்டு கோடையில் அத்தை என்னை அழைத்துக் கடிகாரத்தைக் கையில் வைத்தார். மேல்தளம் ஒழுகியது, மழைக்கு முன் தளம் போட்டாக வேண்டும். பிள்ளைகளிடம் கேட்க மனமில்லை. “வித்துக் குடுப்பா. பசங்களுக்குத் தெரிய வேண்டாம்.”

அம்பத்தூர் கடைத்தெருவில் 4,000 சொன்னார்கள். பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் இருந்த பெரியவர் கண்ணில் லென்ஸைச் செருகிப் பார்த்துவிட்டு, “டயல் பழுப்பேறிக் கெடக்கு சார். ஆரஞ்சு கலர்ல புதுசா அடிச்சுத் தர்றேன், பன்னெண்டாயிரம் போகும்” என்றார்.

இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உதிரிபாகம் வராத நாட்டில், செத்த மூன்று கடிகாரங்களிலிருந்து உயிருள்ள ஒன்றை உண்டாக்கும் கைத்திறன் இங்கே வளர்ந்தது. டயலைச் சுரண்டி வண்ணமடித்து, எழுத்தை மறுபடி அச்சிட்டு, கூட்டை மெருகேற்றிப் புதிதுபோல ஆக்குவார்கள். இணையம் வந்தபின் இவை வெளிநாடுகளுக்கும் ஏலத்தில் போயின. அங்குள்ள சேகரிப்பாளர்கள் வைத்த ஏளனப் பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’. எனக்கு அந்த ஏளனத்தில் உடன்பாடில்லை. அந்தக் கைகள் இல்லையென்றால் நம் அப்பாக்களின் கடிகாரங்கள் 1985-லேயே நின்றுபோயிருக்கும். ஆனால் விலை என்று வரும்போது இரண்டு ஊர்களின் கண்கள் வேறு வேறாகப் பார்க்கின்றன. இங்கே பளபளப்புக்கு விலை. அங்கே பழுப்புக்கு விலை: தொழிற்சாலையில் அடித்த வண்ணம் நாற்பதாண்டு வெயிலில் மங்கியிருந்தால் அந்த மங்கலுக்கே காசு கொடுக்கிறார்கள். பெரியவர் நல்லெண்ணத்தோடு சொன்ன அந்த ஆரஞ்சு வண்ணம் கடிகாரத்தின் மதிப்பில் பெரும்பகுதியைத் துடைத்துப் போட்டிருக்கும்.

வாங்கியவர் பூந்தமல்லிக்காரர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பழைய ஆலைகளின் இடத்தில் எழுந்திருக்கும் கணினி நிறுவனமொன்றில் வேலை. முப்பது வயதிருக்கும். அத்தை வீட்டுத் திண்ணையிலேயே பின்மூடியைத் திறந்து, உள்ளே 6306 என்ற எண்ணைக் கண்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் கணக்கைத் தயக்கமின்றிச் சொன்னார். ஜப்பானிய ஏலத்தில் வெளிநாட்டவர் நேரடியாக நுழைவது கடினம். இடைத்தரகர் எடுத்துத் தர வேண்டும். அவர் கட்டணம், அனுப்பும் செலவு, எல்லாவற்றையும் கூட்டிய தொகைக்குச் சுங்கம். யாராவது பெட்டியில் எடுத்து வந்தால் அப்போதைய விதிப்படி 50,000 ரூபாய் வரை விலக்கு, அதற்கு மேல் 38.5 சதவீதம். ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பச் சொல்வோரும் உண்டு. 5,000 ரூபாய்க்குள் இருந்தால் தீர்வை கிடையாது என்பதால், எல்லாக் கடிகாரங்களும் காகிதத்தில் 5,000-க்குள் சுருங்கிவிடும். (அந்த வாசல் அவ்வாண்டு டிசம்பரில் மூடப்பட்டது.) இத்தனை தொல்லையும் இல்லாமல், திறக்கப்படாத டயலோடு, வீட்டுக்கு எட்டும் தூரத்தில் ஒன்று. 55,000 தருகிறேன் என்றார்.

“பில் ஏதும் இருக்காதில்ல?” என்று அவர் சும்மாதான் கேட்டார். அத்தை உள்ளே போய் மாமாவின் கப்பல் ஆவணங்களுக்கிடையிலிருந்து சுங்க ரசீதை எடுத்து வந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. கடிகாரத்தின் பெயர், மதிப்பு, கட்டிய தொகை, முத்திரை, கீழே மாமாவின் கையொப்பம். இளைஞர் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பழைய ஜப்பானியக் கடிகாரம் நூறு பார்த்திருக்கிறேன், கட்டிய தீர்வையோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்றார். ரசீதும் சேர்த்து 65,000.

அத்தை ரசீதைத் திரும்பக் கேட்டார்.

நான் கணக்கை விளக்க முயன்றேன். பத்தாயிரம் ரூபாய், அத்தை. தளத்துக்கு ஒப்பந்தக்காரர் கேட்டதோ 60,000. அவர் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “கப்பல்ல இருந்து மாசம் ஒரு லெட்டர் போடுவாரு. வீடு மாத்தயில எல்லாம் செல்லரிச்சுப் போச்சு. பாஸ்புக்ல கூட அவரு எழுத்து இல்ல. இது இருக்கட்டும்பா.” நாற்பதாண்டுகள் குத்திக் காட்டிய காகிதம் அது என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தருகே ரசீதை நகலெடுத்துக் கொடுத்தேன். இளைஞர் 58,000 தந்தார். மீதிக்கு ஒப்பந்தக்காரரிடம் தவணை சொன்னோம். அக்டோபருக்குள் தளம் முடிந்தது.

சில மாதங்கள் கழித்து அந்த இளைஞர் தொலைபேசினார். உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் கல்லாகிப் போயிருந்தனவாம், எல்லாவற்றையும் மாற்றிவிட்டாராம். கிழமை இப்போதும் ஜப்பானிய எழுத்தில்தான். மழை நாட்களில் மட்டும் கட்டிக்கொண்டு வெளியே போவதில்லை என்றார்.