மனநோயும் மலநோயும்

மனம் ஆன்மா அன்று. முப்பத்தாறு தத்துவங்களுள் ஆன்ம தத்துவத்தின்பாற்பட்ட அந்தக்கரணங்களுள் அஃது ஒன்று, மாயையின் காரியம், சடம். கண்ணிற் படலம் படர்ந்தவழிக் காட்சி மங்குதல்போல, மனமாகிய கருவி பழுதுற்றவழி நினைவும் ஊக்கமும் மங்கும். சித்தாந்தம் பயின்றார் யாவரும் இதனை அறிவர். அறிந்தும், கல்லூரி மாணாக்கன் ஒருவன் மனச்சோர்வுற்றால், "பக்தி போதாது", "பழவினை" என்று கூறி அமைவார் சைவருள்ளும் உளர். ஐந்தெழுத்தை ஓதுதற்கும் மனம் வேண்டுமன்றோ? அது சோர்ந்தவனை ஓதுக என்று மட்டும் ஏவுதல், காலொடிந்தவனைக் கிரிவலம் செல்க என்பதனோடு ஒக்கும்.

சிவகாசியை அடுத்த தாயில்பட்டி போலும் ஊர்களில் இதன் கொடுமை மிகுதி. ஆங்குப் பலர்க்கும் பட்டாசுத் தொழிலே பிழைப்பு. மருந்து செலுத்தியும் திரி பொருத்தியும் ஈட்டிய கூலியைக் கொண்டு பெற்றோர் பிள்ளையை மதுரைக்கோ சென்னைக்கோ படிக்க அனுப்புகின்றனர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்தது போலும் வெடிவிபத்துக்களின் அச்சம் விடுதி அறையிலும் அவனை விட்டகலாது. ஒரு தாளில் தவறினும், "அம்மை உயிரைப் பணயம் வைத்ததற்கு இதுவோ பயன்" என நெஞ்சு சுடும். பின்னர் உறக்கம் கெடும், உணவு வெறுக்கும். இந்நிலை இரு வாரங்களுக்கு மேலும் நீடிப்பின் மருத்துவர் அதனை நோய் என்றே ஐயுறுவர். அவனோ வீட்டாரிடம் உரையான். "பைத்தியம்" என்னும் பெயர் தங்கைக்கு வரன் அமைவதையும் கெடுக்கும் என அஞ்சுவான். வீட்டார் அறியினும் கோடாங்கியை நாடுதலே பெரும்பான்மை.

நாவரசர் சூலை திருநீற்றால் தீர்ந்ததன்றோ எனின், தீர்ந்தது மெய்யே. ஆயின் அவ்வரலாற்றின் முற்பகுதியையும் நோக்குதல் வேண்டும். கலிப்பகையார் போரில் மாண்டது கேட்டுத் திலகவதியார் உயிர்விடத் துணிந்தபோது, மருணீக்கியார் அடிவீழ்ந்து, தமக்கையார் நீங்கின் தாம் அவர்க்கு முன்னரே நீங்குவதாக உரைத்தார். அவ்வுரை கேட்டு அம்மையார் உயிர் தாங்கினார் என்பர் சேக்கிழார். தாங்கியது ஒரு சிறுவனது சொல். திருவருள் மானிடர் வாய்மொழி வழியாகவும் வந்து காக்கும். சிறுத்தொண்டர் ஆயுள்வேதம் கற்றவர். கண்ணப்பர் தம் கண்ணை அப்புமுன் பச்சிலை தேடி ஓடியவர். மருந்தை இகழ்தல் சைவ மரபன்று.

மனம் நொந்தாரோடு உரையாடித் தேற்றும் முறையை இக்காலத்தார் தமிழில் ஆற்றுப்படுத்தல் என்பர். பெயர் மிகப் பொருத்தமுடைத்து. பதினோராந் திருமுறையிலுள்ள திருமுருகாற்றுப்படையில், அருள் பெற்றான் பெறாதானுக்கு வழிகாட்டுகின்றான், நடப்பவன் மற்றவனே. அதுபோல, ஆற்றுப்படுத்துவோர் அறிவுரைகளை அடுக்குவாரல்லர். செவிசாய்த்துக் கேட்டு, "தேர்வில் தோற்றேன், ஆதலின் வாழ்விலும் தோற்றேன்" என்பது போலும் எண்ணத்தை நோயுற்றவன் தானே ஆராயுமாறு செய்வர். நோய் முதிர்ந்தவழி மருந்தும் வேண்டும். அது பயன்தரச் சில வாரங்கள் செல்லும். மருத்துவரைக் கேளாது இடையில் நிறுத்தலாகாது.

100 மாணவரோ அதற்கு மேற்பட்டோரோ பயிலும் கல்வி நிலையந்தோறும் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துவோர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிப் பணி, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் விடை தருகின்றது. திருக்கோயிற் பலகையில் பிரதோஷ நேரத்தைக் குறிக்கும் அன்பர்கள், அதன்கீழ் இவ்வெண்ணையும் எழுதி வைக்கலாம். விடுமுறைக்கு ஊர் வந்த பிள்ளை யாரையும் வினவாமலே அதனைப் படித்துக்கொள்வான்.